ஓடுபாதையில் காயப்போட்ட உளுந்து

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறு பேரில் ஒருவர்மேலும் ஊரில் ஒரு சொல் வந்ததில்லை. அடுத்தவர் கொல்லையில் விழுந்து கிடக்கும் முருங்கைக்காயைக்கூடத் தொட விட்டதில்லை. ஒரு பொய்க்காக மூத்தவனை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டிருக்கிறேன். அவன் இப்போதும் தன் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிச் சிரிப்பான். நானும் கூடச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷமாக எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

பள்ளிக்கூடம் போனவள் இல்லை நான். நாற்பது தாண்டிய பிறகு, ஊரில் சாயங்கால வகுப்பு நடத்தினார்கள், அப்போது எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதே வருஷம் சைக்கிளும் கற்றுக்கொண்டேன். பேத்தியின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வந்தால் அதிகம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஏழு வருஷம் பேசாமல் இருந்தவளுக்கு என்ன அவசரம்.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் நார்த்தாமலைக் குன்றுகள் தெரியும். நான் பயிர் வைக்கும் கொல்லைக்கு வடக்கே, வரப்பைத் தாண்டினால், ஒரு விமானத் திடல் இருந்தது. கிழக்கு மேற்காக ஒற்றைத் தார் ஓடுபாதை. மேற்குக் கோடியில் தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்று. விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், ஆவூர்ப் பக்கத்துக்காரர், அதை வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பிளேன் வாத்தியார் என்று ஊரில் அவருக்குப் பெயர். நான் அங்கே காவல். காலையில் விமானம் கிளம்பும் முன் ஓடுபாதையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்க்க வேண்டும். கல் கிடந்தால் பொறுக்க வேண்டும், ஆடு வந்தால் ஓட்ட வேண்டும், மயில் வந்தால் கைதட்ட வேண்டும். பதினோரு வருஷம் செய்தேன்.

ஆட்டையும் மயிலையும்விட மனுஷர்களை ஓட்டுவதுதான் பெரிய வேலை. எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்தால் எல்லாவற்றையும் ரோட்டில் போடுவோம். கேழ்வரகு, கொள்ளு, உளுந்து, எது என்றாலும் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் வெயிலில் காயும், மேலே பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறித் தானாக உதிரும், சாயங்காலம் கூட்டி அள்ளிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் அவ்வளவு அகலமாக, சுத்தமாக ஒரு தார்ப் பாதை சும்மா கிடந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? கூடையோடு வருவார்கள். நான் கம்போடு நிற்பேன்.

ஒரு தடவை பக்கத்துக் கொல்லைக்காரி ஓரத்தில் கேழ்வரகைக் கொட்டிவிட்டாள்.

"ஏண்டி, பிளேன் இறங்குற எடத்துலயா ஒனக்கு கேப்பை காயணும்?"

"ஓரமாத்தானே போட்ருக்கேன். ஒங்க பிளேனு என்ன கேப்பையையா திங்கப் போவுது?"

"திங்காது. வழுக்கி விழும். உள்ள இருக்கறது பெத்த புள்ளைடி. அள்ளு!"

"ரொம்பத்தான். இவுக மாமியார் வீட்டு ரோடாக்கும்."

அள்ளிக்கொண்டு போனாள். உள்ளே இருப்பது பெற்ற பிள்ளை என்று சொன்ன வாய் இதே வாய்தான். அதை மறந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த விமானத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய விமானங்களுக்கு மூக்குக்குக் கீழே சக்கரம் இருக்கும் என்கிறார்கள். இதற்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கடியில் குட்டியாக ஒன்று. தரையில் நிற்கும்போது வாலைத் தாழ்த்தி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே பாதை தெரியாது. இரண்டு பக்க ஓரத்தையும் கண்ணால் அளந்துகொண்டுதான் இறக்க வேண்டும்.

பறக்கிறது யாரும் பறந்துவிடலாம், இறக்குவதில்தான் இருக்கிறது எல்லாம் என்பார் வாத்தியார். கனமெல்லாம் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் கொஞ்சம் திரும்பினாலும் பின்னால் இருக்கிற கனம் நான் முந்தி, நான் முந்தி என்று சுற்றி வரப் பார்க்கும். எனக்கு இது உடனே புரிந்தது. சைக்கிள் கேரியரில் அரை மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு சறுக்கலில் இறங்கியவளுக்குப் புரியாதா? பின்பாரம் இழுக்க ஆரம்பித்த பிறகு ஹேண்டிலைத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை. இழுக்கும் முன்பே திருப்ப வேண்டும்.

அதற்குக் காலடியில் இரண்டு மிதி உண்டு. வலது மிதியை மிதித்தால் வாலில் நிற்கிற தகடு வலப்பக்கம் திரும்பும், விமானமும் வலப்பக்கம் போகும். தரை தொட்டதிலிருந்து நிற்கிறவரை இரண்டு காலும் தையல் மிஷின் மிதிப்பதுபோல ஓயாமல் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். "காலு தூங்குச்சுன்னா வாலு முழிச்சுக்கும்" என்று பிள்ளைகளை அதட்டுவார்.

இறங்குவதில் இரண்டு விதம். காற்று அடங்கியிருந்தால் மூன்று சக்கரமும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். தரைக்கு ஒரு முழம் மேலே பிடித்துவைத்து, கையிலிருக்கிற கம்பை மெல்ல மெல்ல வயிற்றுப் பக்கம் இழுத்து, இறங்காதே இறங்காதே என்று கெஞ்சிக்கொண்டே இருந்தால் அது தானாக உட்காரும், வயலில் கொக்கு உட்காருவதுபோல. காற்று முரண்டு பிடித்தால் முன் சக்கரம் இரண்டை மட்டும் வைத்து, வாலைத் தூக்கியபடி ஓடி, வேகம் தணிந்த பிறகு வாலை விட வேண்டும். அது மயில் இறங்குகிற மாதிரி. எப்படி இறங்கினாலும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு கம்பத்தில் துணிப்பை கட்டியிருந்தது. அதன் அடியில்தான் நான் உட்காருவேன்.

பதினோரு வருஷம் பார்த்தால் கண் பழகிவிடும். தரை தொடும் முன்பே இது துள்ளும், இது உட்காரும் என்று சொல்லிவிடுவேன். வாத்தியாரும் பிள்ளைகளிடம், "எங்கிட்ட கேக்காத, ஆத்தாகிட்ட போயி மார்க் வாங்கிட்டு வா" என்பார். படிக்காத என்னிடம் படித்த பிள்ளைகள் வந்து நிற்கும்போது எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை.

அந்தப் பெண் கறம்பக்குடிப் பக்கம். அப்பா துபாயில் டிரைவர். மெலிந்த உடம்பு, மிதிக்குக் கால் எட்டாமல் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்வாள். மற்ற பிள்ளைகள் என்னை ஆத்தா என்பார்கள், அவள் மட்டும் அப்பத்தா என்பாள். முதல் மாதம் தவளைபோலத் துள்ளித் துள்ளி இறக்கினாள்.

"எத்தனை மார்க் அப்பத்தா?"

"மூணு தடவை இறங்குன. எந்தத் தடவைக்கு மார்க் போட?"

"ஒரே தடவைதானே இறங்கினேன்!"

"நீ ஒரு தடவை. ஒன் பிளேனு மூணு தடவை."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் விட மாட்டாள். ஓய்ந்த நேரத்தில் என் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காலையும் ஆட்டிப் பழகிக்கொண்டிருப்பாள். நான்கு மாதத்தில் கொக்கு உட்காருவதுபோல உட்காரவைத்தாள். சித்திரைக் கடைசியில் ஒரு நாள், வாத்தியார் பக்கத்தில் இல்லாமல் தனியாக ஏறி இறக்கலாம் என்று முடிவானது. அவள் அப்பா வேண்டா வெறுப்பாகத்தான் சம்மதித்திருந்தார். இது நல்லபடி நடந்தால்தான் மேலே படிக்க விடுவார் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதனால் எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

அந்த வருஷம் என் கொல்லையில் உளுந்து. பிடுங்கிப் போட்ட மறுநாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் மூடாக்கு. குவியலுக்குள் கையை விட்டால் சூடு, பூசண வாடை. ஊர் ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. என் வரப்பிலிருந்து இருபது எட்டு வைத்தால் ஓடுபாதையின் கிழக்குக் கோடி.

கணக்குப் போட்டேன். இத்தனை நாளாகக் கிழக்கிலிருந்து அடிக்கிற கீழ்க்காற்று. கீழ்க்காற்றென்றால் விமானம் மேற்குக் கோடியில் தொட்டு, கிழக்கு முகமாக ஓடி, நடுவிலேயே நின்றுவிடும். கிழக்குக் கோடிக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பாதையின் நடுவில் மாட்டு முதுகுபோல ஒரு மேடு, அதனால் கொட்டகையிலிருந்து பார்த்தால் கிழக்குக் கோடியின் தரை தெரியாது. நாலு மணி நேர வெயில் போதும். உளுந்தஞ்செடியைத் தெற்கோரத்திலிருந்து நடுக்கோடு வரை பரப்பினேன். காய் வெடிக்கட்டும் என்று நானே மேலே ஏறி மிதித்தேன். தெறித்த மணிகள் தாரில் உருண்டன. ஊரையே விரட்டியவள், என் உளுந்து என்றதும் அது எனக்குத் தப்பாகப் படவில்லை. எனக்குத்தான் காற்று தெரியுமே.

கொட்டகைக்குப் போனேன். அந்தப் பெண் நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசியிருந்தாள். வாத்தியார் வழக்கம்போலக் கேட்டார்.

"பாதை சுத்தமா ஆத்தா?"

"சுத்தம் தம்பி."

ஒரு சொல். தண்ணீர் குடிக்கிற மாதிரி சுலபமாக வந்தது.

அவள் ஏறினாள். மேற்கிலிருந்து வந்து ஒரு தடவை இறக்கினாள், அருமை. வாத்தியார் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டாம் தடவைக்கு மேலே போனாள். உளுந்தைப் புரட்டிவிடலாம் என்று நான் வரப்போரமாகக் கிழக்கே நடந்து போய்விட்டேன். துடைப்பத்தைக் கையில் எடுத்தபோதுதான் என் முந்தானை கிழக்கே பறந்தது. திரும்பிப் பார்த்தேன். கம்பத்துத் துணிப்பை பக்கம் மாறி நின்றது. மேல்காற்று.

அவளும் பார்த்துவிட்டாள். பார்க்கத்தானே கற்றுக்கொடுத்தது. சரியாக, ஒரு தப்பில்லாமல், சுற்றி வந்து, மேற்கு முகமாக, கிழக்குக் கோடியில் இறங்க வந்தாள். கருத்த தாரில் கருத்த உளுந்து, மேலிருந்து எப்படித் தெரியும்? நான் துடைப்பத்தை ஆட்டினேன். ஆட்டினேனா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஆட்டினேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன. அப்படி ஒரு இறக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இடது சக்கரம் செடிக்குள் புகுந்தது. செடி இழுத்தது, மூக்கு இடது பக்கம் போனது. அந்த நொடியே வால் தகடு வலப்பக்கம் முழுக்கத் திரும்பியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அவள் கால் தூங்கவில்லை. உளுந்து மணியில் சக்கரம் வழுக்கியது. பின்பாரம் சுற்றிக்கொண்டது. வலது இறக்கை தாழ்ந்து தரையைக் கீறியது. விமானம் ஒரு சுற்றுச் சுற்றி, என் கொல்லைப் பக்கத்துப் புல்லுக்குள் போய், பாதைக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்து நின்றது.

"அப்பத்தா!"

ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. அவளுக்கும் எனக்கும் நடுவில் எங்கள் வீட்டு நீளம்கூட இல்லை.

நான் துடைப்பத்தால் பாதையைக் கூட்ட ஆரம்பித்தேன்.

இதை எழுதிவிட்டு நான்கு நாள் நோட்டைத் தொடவில்லை. ஆனால் நடந்தது அதுதான். செடியை இரண்டு கையாலும் அணைத்து வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினேன். மணியை ஓரத்து மண்ணுக்குள் தள்ளினேன். அவ்வளவு வேகமாக என் ஆயுளில் கூட்டியதில்லை. மேட்டுக்கு அப்பால் வாத்தியாரின் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் துடைப்பத்தை எறிந்துவிட்டு, "ஐயோ எம் புள்ள!" என்று கத்திக்கொண்டு விமானத்தைப் பார்த்து ஓடினேன்.

இடுப்பில் அடி. எலும்பு முறியவில்லை. வாத்தியார் அவளை இறக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அச்சில் செடித் துண்டு சுற்றியிருந்தது. விமானம் நிற்பது புல்லுக்குள், அதனால் புல் என்று நினைத்துக்கொண்டார்.

"கால விட்டுட்டியாம்மா?" என்றார், கோபமில்லாமல்.

"இல்ல சார். விடலை சார். விடலைன்னுதான் நெனைக்கிறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் திருநீறும் வியர்வையும் கலந்து வழிந்தது.

"அப்பத்தா, நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த. சொல்லு. என் காலு எங்க தப்புப் பண்ணுச்சு?"

வாத்தியாரும் என்னைப் பார்த்தார். இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வலது காலு கொஞ்சம் லேட்டாப் போச்சு தாயி" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பிவிட்டாள். நான் மார்க் போட்டால் அது சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து, டவுனில் அவள் தங்கியிருந்த அறைக்கு உளுந்தங்களி கிண்டி எடுத்துப் போனேன். பெண்பிள்ளை இடுப்புக்கு அதைவிட எதுவும் இல்லை. கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் தாராளமாக விட்டேன். எந்த உளுந்து என்று கேட்காதீர்கள். வீட்டில் வேறு உளுந்து இல்லை. கூட்டிப் புடைத்து அள்ளியதுதான். தூக்குவாளியை வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

"நல்லா இருக்கு அப்பத்தா. எங்கம்மாகூட இப்பிடிக் கிண்டாது."

நான் தூக்குவாளியைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அவள் அப்பா போனில் போதும் என்று சொல்லிவிட்டார். வாத்தியார் எவ்வளவோ பேசிப் பார்த்தார். இறக்கை சரியானதும் வா என்றார். அவளே வரவில்லை. எனக்குக் கால் சரியில்லை சார், நேரத்துக்குப் போக மாட்டேங்குது என்று சொன்னாளாம். அதற்கு அடுத்த வருஷம் வாத்தியாருக்கு உடம்பு முடியாமல் திடலை மூடிவிட்டுத் திருச்சிக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஓடுபாதையில் இப்போது ஊரே உளுந்து காயப்போடுகிறது. நான் போடுவதில்லை. கேட்டால் கால்வலி என்பேன்.

இப்போது எழுத வந்த காரணம் இதுதான். போன தை மாதம் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. அவள்தான். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். எனக்கு ஒரு சேலை, ஒரு சீப்பு வாழைப்பழம். பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பத்தா, எங்க கிளாசுல ஒன்னப் பத்தி அடிக்கடி சொல்லுவேன்."

"என்னப் பத்தி என்னத்தச் சொல்லப் போற?"

"அன்னிக்கு எல்லாரும் காத்து மேல பழி போட்டாங்க, பிளேனு பழசுன்னாங்க, என்னென்னமோ சமாதானம் சொன்னாங்க. நீ ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரா எந் தப்பச் சொன்ன. தப்புப் பண்ணா அந்த மாதிரி உண்மையச் சொல்ற ஆளு ஒருத்தரு பக்கத்துல வேணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுவேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பேத்தி பக்கத்தில் நின்றாள், மருமகள் காபியோடு நின்றாள். அவர்கள் முன்னால் நான் யாராக இருக்கிறேனோ, அதை விட மனசு வரவில்லை. "பாத்துப் போ தாயி" என்று மட்டும் சொன்னேன். வண்டியைத் திருப்பும்போது வலது காலைத் தரையில் ஊன்றினாள். அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலில் ஒரு தப்பும் இல்லை.

தாயி, இது உனக்கு. உன் வலது கால் நேரத்துக்குப் போனது. நான் பார்த்தேன். அந்த இறக்கத்துக்கு நூற்றுக்கு நூறு. தப்பு என் உளுந்தில், என் கையில், என் வாயில். உன் பிள்ளைகளுக்கு என்னைப் பற்றிச் சொல்வதை இனி மாற்றிச் சொல். சேலையை நான் கட்டவில்லை, மடிப்புக் கலையாமல் இருக்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போ. வராவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

உன் நம்பர் பேத்தி போனில் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பிவிடலாம் என்கிறாள். அனுப்பும் முன்னால் இது உன் காதில் எப்படி விழும் என்று நான் ஒரு தடவை கேட்டாக வேண்டும். பேத்திக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவள்தான் முதலில் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

ஏ பேத்தி, போனை வச்சிட்டு இங்கிட்டு வா. இந்தா நோட்டு. மொதப் பக்கத்துலேருந்து வாசி, சத்தமா. எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்க. தொடப்பம் வர்ற எடத்துல நிறுத்தி எம் மூஞ்சியப் பாக்காத. விடாம வாசி.